வண்டிக்கு சர்டிபிகேட் இருக்கு... நுரையீரலுக்கு?

‘ஆடாதொடையைப் பற்றி எழுதுவார் என்று பார்த்தால், ஆட்டோமொபைல் பற்றி எழுத வந்துவிட்டாரே இந்த சித்த வைத்தியர்!’ என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாடியைப் பிடித்துக்கொண்டே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன சாப்பிடறீங்க?” என்பதுதான். இருமல், இரைப்பு, மூச்சிழுப்பு என்று வருகிறவர்களிடம் சில வருஷங்களாக நான் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். “தினமும் எந்த ரோட்டுல போறீங்க? பின்னால என்ன வண்டி வருது?”

யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் சாப்பாடு ஒன்றரைக் கிலோ இருக்குமா? அதில் ஒரு கல் இருந்தால் கூடத் தட்டைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் ஒரு நாளில் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறோமே, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா? பசியை வேண்டுமானால் ஒரு வேளை தள்ளிப்போடலாம். மூச்சைத் தள்ளிப்போட முடியுமா?

அந்தக் காற்றில் கலக்கும் டீசல் புகைக்கு சட்டம் என்ன எல்லை வைத்திருக்கிறது, ஒரு டீசல் வண்டியை விற்பதற்கு முன் யார் அதைப் பரிசோதிக்கிறார்கள், அந்தப் பரிசோதனையில் ஓட்டை எங்கே என்பதெல்லாம் குடும்பத் தலைவிகளும் தலைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆரோக்கிய விஷயம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினியர் 1897-ல் இந்த எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆச்சரியமாக இல்லை? நம் வீட்டு வடைச் சட்டியில் இருக்கும் அதே கடலை எண்ணெய்தான்!

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசலுக்கு அது கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியடித்தால் தானே பற்றிக்கொள்ளும். கொஞ்சம் எரிபொருளில் நிறைய தூரம் போகும். லாரிக்காரரும் பஸ் முதலாளியும் டீசலை விரும்புவது இதனால்தான்.

ஆனால் சனியன் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பீச்சியடித்த டீசல் காற்றோடு முழுசாகக் கலப்பதற்குள் எரிந்துவிடுகிறது. கலக்காத இடத்தில் கரி உண்டாகிறது. இன்னொரு பக்கம், அதிகச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூட்டுச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற எரிச்சல் வாயுவாக மாறுகிறது.

எரிப்பை நன்றாகச் சூடாக்கினால் கரி குறையும், வாயு கூடும். சூட்டைத் தணித்தால் வாயு குறையும், கரி கூடும். வாதத்தைத் தணிக்கக் கொடுத்த உஷ்ண மருந்து பித்தத்தைக் கிளப்பிவிடுமே, அந்தக் கதைதான். இரண்டையும் ஒரே சமயத்தில் அடக்க வேண்டுமானால் தனிக் கருவிகள் வேண்டும். கருவி என்றால் காசு. இந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தில்லுமுல்லு எல்லாம் இதிலிருந்து கிளம்பியதுதான்.

பற்பமும் கரித்தூளும்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் பற்பம் செய்முறை கற்றுக்கொண்டோம். புடம் போட்டு எடுத்த பற்பம் சரியாக முடிந்திருக்கிறதா என்று பார்க்க சில சோதனைகள் உண்டு. தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். விரலில் வைத்துத் தேய்த்தால் ரேகைக்குள் புகுந்துகொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு நுண்மை? ‘நுண்மையானால்தான் உடம்பில் ஏறும்.’ மருந்துக்குச் சொன்ன இந்த விதி விஷத்துக்கும் பொருந்தும்.

நம் தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டீசல் கரித்துகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. பத்தில் ஒரு மைக்ரானைக் கூட எட்டாதவை எண்ணிக்கையில் ஏராளம். மூக்கு முடி, தொண்டைச் சளி எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காருகின்றன. மிக நுண்மையானவை அங்கிருந்து இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன.

வெறும் கரி மட்டும் போகவில்லை. எரிந்தும் எரியாத இரசாயனங்களை அந்தக் கரி முதுகில் சுமந்துகொண்டு போகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு மூச்சுக்குழாய்களைப் புண்ணாக்கி வீங்க வைக்கிறது. வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாக மாறி, ஆஸ்துமாக்காரர்களை மேலும் வாட்டுகிறது. இருதயத்துக்கும் இதனால் கெடுதல்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-ல், ‘டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்றுதான் சொன்னது. 2012 ஜூன் மாதம் அதே அமைப்பு, ‘நிச்சயமாக உண்டாக்கும்’ என்று முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பட்டியல் அது!

“எங்க வண்டியில கறுப்புப் புகையே வராது சார்!” என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற புகை பெரிய துகள். தெரியாததுதான் ஆழமாகப் போவது.

விற்பதற்கு முன் ஒரு பரீட்சை

சூரணமோ லேகியமோ கடையில் விற்க வேண்டுமானால் அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அதுபோலத்தான் வண்டியும். 1989-ம் வருடத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதி இதைச் சொல்கிறது. எந்தக் கம்பெனியும் புது மாடலை நேராக ஷோரூமில் கொண்டுவந்து நிறுத்திவிட முடியாது. மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., அரியானா மானேசரில் உள்ள ஐகேட் ஆகியவை அப்படிப்பட்ட நிலையங்கள். நம் சென்னைக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது.

அங்கே என்ன நடக்கும்? காரை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. நிற்பது, கிளம்புவது, வேகம் எடுப்பது என்று ஒரு நேர அட்டவணைப்படி ஓட்டுவார்கள். சுமார் 20 நிமிடம். வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. புகைக்குழாய் வழியே வருவதை எல்லாம் பிடித்து அளப்பார்கள். எல்லைக்குள் இருந்தால் பாஸ்!

மாதிரி வண்டி பாஸான பிறகு, தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வரும் வண்டிகளும் அதே தரத்தில்தான் இருக்கின்றனவா என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்க 126-ஏ என்று இன்னொரு விதி. நிலையத்துக்கு அனுப்பின சாம்பிள் ஒன்று, கடையில் விற்கிற சரக்கு வேறு என்று ஆகிவிடக் கூடாதல்லவா?

இந்த எல்லைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. பெட்ரோல் வண்டிக்கு 1991-லும், டீசல் வண்டிக்கு 1992-லும்தான் நம் நாட்டில் முதன்முதலாகப் புகை அளவு வந்தது. 2000-ல் ஐரோப்பிய முறையைப் பின்பற்றி நாடு முழுவதும் முதல் படி. பிறகு ‘பாரத் ஸ்டேஜ்’ என்ற பெயரில் 2, 3, 4 என்று படிப்படியாக ஏறினோம். பெரிய நகரங்களுக்கு முன்னால், மற்ற ஊர்களுக்குப் பின்னால்! 2010-ல் சென்னைக்கு பி.எஸ்.4, மதுரைக்கு பி.எஸ்.3. லாரிக்கு ஊர் எல்லை தெரியுமா, புகைக்குத்தான் தெரியுமா? பி.எஸ்.4 நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரல் 1-ம் தேதிதான்.

வண்டி மட்டும் திருந்தினால் போதாது, டீசலும் திருந்த வேண்டும். டீசலில் உள்ள கந்தகம் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளைக் கெடுத்துவிடும். சித்த மருத்துவத்தில் கந்தகத்தைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டோம். இங்கே கந்தகத்தையே வெளியேற்ற வேண்டியிருந்தது. 2000-ல் பத்து லட்சம் பங்கு டீசலில் கந்தகம் 2,500 பங்கு வரை இருக்கலாம். பி.எஸ்.3-ல் அது 350, பி.எஸ்.4-ல் 50. இப்போது பி.எஸ்.6-ல் வெறும் 10!

ஐந்தைத் தாண்டி ஆறு

2016 ஜனவரியில் மத்திய அரசு ஒரு துணிச்சலான முடிவை அறிவித்தது. பி.எஸ்.5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6-க்குப் போவது என்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே விதி.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பி.எஸ்.4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு விடலாம். பி.எஸ்.6-ல் 0.08 கிராம்தான். கரித்துகள் 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமுக்கு இறங்கியது. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வெட்டு!

இன்னொன்றும் சேர்ந்தது. அதுவரை கரியை எடை போட்டுத்தான் பார்த்தார்கள். நுண் துகளுக்கு எடை ஏது? அதனால் எண்ணிக்கையையும் எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள்தான் எல்லை. ‘அப்பாடி, அவ்வளவா!’ என்று மலைக்காதீர்கள். வடிகட்டி இல்லாத வண்டி இதைப்போலப் பல மடங்கு துப்பும்.

இந்த எல்லைக்குள் வர புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் கொண்டது. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். பல வண்டிகளில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்ஸைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும் கருவியும் உண்டு. இதெல்லாம் விலையை ஏற்றியது. சின்ன டீசல் கார்களுக்கு இது கட்டுப்படியாகாது என்று நாட்டின் மிகப் பெரிய கார் கம்பெனியான மாருதி, 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது.

இந்த மாற்றங்கள் அமைதியாக நடந்துவிடவில்லை. 2017 மார்ச் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உத்தரவிட்டது. கம்பெனிகளிடம் அப்போது விற்காமல் கிடந்தவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள். தயாரிக்கத்தான் தடை, விற்கத் தடை இல்லையே என்று வாதாடினார்கள். கம்பெனிகளின் வியாபார லாபத்தைவிட மக்களின் ஆரோக்கியம் மிகவும் பெரிது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் தள்ளுபடி விலையில் பைக் வாங்க ஷோரூம் வாசலில் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கிறதா? 2018 அக்டோபரில் பி.எஸ்.4-க்கும் இதே மாதிரி முன்கூட்டியே கெடு வைத்தது நீதிமன்றம். 2020 மார்ச் 31-க்குப் பிறகு பி.எஸ்.4 புது வண்டி விற்கக் கூடாது என்று.

பரீட்சையில் காப்பி அடித்த கார்!

விதி எவ்வளவு கறாராக இருந்தால் என்ன? பரீட்சை ஹாலில் ஒழுங்குப் பிள்ளையாக உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்ததும் ரகளை செய்கிற மாணவன் உண்டல்லவா? ஒரு கார் அப்படிச் செய்தது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சில டீசல் கார்களின் பின்பக்கம் அளவுக் கருவியைக் கட்டி, சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. சோதனைச் சாலையில் உத்தமனாக இருந்த ஃபோக்ஸ்வேகன் கார்கள், ரோட்டில் பல மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடு விட்டன. ஏன்?

2015 செப்டம்பர் 18-ம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு குட்டை உடைத்தது. காரின் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தந்திரம் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டீயரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் எப்படி மாறுகிறது என்பதை எல்லாம் வைத்து, ‘இப்போது நம்மைச் சோதனை செய்கிறார்கள்’ என்று கார் கண்டுபிடித்துவிடும். உடனே புகைக் கட்டுப்பாடு முழுசாக வேலை செய்யும். சோதனை முடிந்து சாலைக்கு வந்ததும் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். சாலையில் சட்ட அளவைப்போல 40 மடங்கு வரை வாயு!

உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த ஏற்பாடு இருப்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஐந்தே நாளில் அதன் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். 2017-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் கம்பெனி குற்றத்தை ஏற்று, 280 கோடி டாலர் குற்ற அபராதம் கட்டியது.

நம் நாட்டில்? ஏ.ஆர்.ஏ.ஐ. நடத்திய சோதனையில் ஆய்வகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரிந்தது. 2015 டிசம்பரில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகக் கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ‘இந்தியாவின் பி.எஸ்.4 விதியை நாங்கள் மீறவே இல்லை’ என்று சொல்லிக் கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வாதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அன்றைக்கு நம் விதியில் ஆய்வகப் பரீட்சை மட்டும்தான் இருந்தது. ரோட்டில் எவ்வளவு விடலாம் என்று விதியே கிடையாது. நாமோ ஆய்வகத்தில் மூச்சு விடுவதில்லை, ரோட்டில்தான் விடுகிறோம்!

2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஓட்டை அடைபட ஆரம்பித்தது. பி.எஸ்.6-ன் இரண்டாம் கட்டம் அது. வண்டியின் பின்னால் கையடக்கக் கருவியைக் கட்டி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் நிஜமாகவே ஓட்டிப் பார்த்துத்தான் சான்று. ஆய்வக அளவைவிடக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் ஏமாற்றுவது கஷ்டம். 2019-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தது.

ஆக, கம்பெனி ஏமாற்றும் கதை ஓரளவு அடங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு நாமே ஏமாற்றினால்?

“மைலேஜ் நல்லா கிடைக்குது டாக்டர்!”

ஒரு மழைக்காலத்தில் ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். விடியற்காலை இருமல், விசில் அடிக்கிற மாதிரி மூச்சு. குழந்தை டாக்டர் கொடுத்த இன்ஹேலர் நடந்துகொண்டிருந்தது. “கூடவே நம்ம மருந்தும் ஏதாவது குடுங்க” என்று கேட்டார் அம்மா.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வீட்டில் நாய், பூனை இல்லை. ஊதுவத்தி, கொசுவத்தி இல்லை. “வண்டி?” என்றேன்.

“டீசல் கார்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது” என்றார் அப்பா.

“எங்க நிறுத்தறீங்க?”

“போர்ட்டிகோவுலதான். காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டுருவேன். எஞ்சின் சூடாகணும் பாருங்க.”

“அதுக்கு மேலதான் இவன் ரூம்” என்றார் அம்மா மெதுவாக.

அப்பா உடனே, “புகையெல்லாம் வராதுங்க! சைலன்சர்ல ஒரு ஃபில்டர் அடிக்கடி அடைச்சுக்கிட்டு லைட் எரிஞ்சுது. மெக்கானிக் அதைக் கழட்டிட்டு கம்ப்யூட்டர்ல ஏதோ மாத்திக் குடுத்தாரு. இப்ப மைலேஜ் நல்லா கிடைக்குது டாக்டர்! புகை சர்டிபிகேட் கூட வாங்கிட்டேன்” என்றார்.

நான் பையனைப் பார்த்தேன். அவன் தோள்பட்டை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தை நிதானமாக விளக்கினேன். புகைச் சோதனை மையத்தில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள்? ஆக்ஸிலேட்டரை மிதித்து, வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான். நைட்ரஜன் ஆக்ஸைடை அங்கே அளப்பதில்லை. நுண்துகளை எண்ணுவதும் இல்லை. நவீன எஞ்சினில் வடிகட்டியைக் கழட்டினாலும் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குக் கறுப்புப் புகை வராமல் போகலாம். சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் துகள்? இதனால்தான் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளில் 2022, 2023 ஆண்டுகளில் வருடாந்தரச் சோதனையிலேயே துகளை எண்ண ஆரம்பித்தார்கள்.

கம்பெனி கம்ப்யூட்டரில் தந்திரம் செய்தால் அதற்குப் பெயர் மோசடி. அதையே நம் மெக்கானிக் செய்தால் அதற்குப் பெயர் மைலேஜா?

அந்த அப்பா அதிகம் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தபோது, “ஃபில்டரைத் திரும்ப மாட்டிட்டேங்க. செலவு கையைக் கடிச்சிருச்சு. வண்டியையும் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் பண்றேன்” என்றார். பையனின் படுக்கையையும் பின்பக்க அறைக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் இரவு இருமல் குறைந்திருந்தது. புகை ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இன்ஹேலரும் மருந்தும் சேர்ந்துதான் வேலை செய்தன. ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது துண்டை வைத்துத் துடைத்து என்ன பயன்? முதலில் குழாயை மூட வேண்டும்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* பழைய டீசல் வண்டி வாங்கும்போது ஆர்.சி.யைப் பாருங்கள். பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ என்று அதில் இருக்கும். பி.எஸ்.6 என்றால், ‘டி.பி.எஃப். வண்டியில் இருக்கிறதா, கழட்டிவிட்டார்களா?’ என்று நம்பகமான மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

* புது வண்டி வாங்கினால் கம்பெனி தரும் படிவம் 22-ஐக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் புகை எவ்வளவு என்ற அளவுகள் அதில் இருக்க வேண்டும்.

* டீசல் கார் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு கிலோமீட்டர் காய்கறிக் கடைக்கு மட்டும் போய்வந்தால் வடிகட்டி சூடேறாது, கரி எரியாது, அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி நல்ல ரோட்டில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு டீசல் தோதுப்படாது என்பதை வாங்கும்போதே யோசியுங்கள்.

* யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி என்றால் அதற்கென்று விற்கும் கரைசலையே ஊற்றுங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கருவி பாழாகும்.

* முதல் பதிவிலிருந்து ஒரு வருடம் முடிந்ததும் புகைச் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு வருடம் ஒரு முறை. அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. புகைக்குழாயில் குழாயைச் செருகாமலே சர்டிபிகேட் கொடுத்தால், “முழுசா சோதனை பண்ணிக் குடுங்க சார்” என்று கேளுங்கள். காசு கொடுப்பது காகிதத்துக்கு அல்ல.

* பள்ளிக்கூட வாசலில் வேனும் காரும் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கின்றனவா? பெற்றோர் நாலு பேர் சேர்ந்து சொன்னால் டிரைவர் அணைத்துவிடுவார். குழந்தைகளின் மூக்கு, புகைக்குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை அவர்கள் இழுக்கிறார்கள்.

* லாரி, பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். காரில் போகிறவர்கள் அந்த நேரத்தில் வெளிக்காற்று உள்ளே வரும் பொத்தானை மூடிவிடலாம். வாக்கிங் போகிறவர்கள் மெயின் ரோட்டை விட்டு உள் தெருவிலோ பூங்காவிலோ நடங்கள்.

மூலிகை என்ன செய்யும்?

‘கடைசியில் வைத்தியர் மருந்து சொல்வார்’ என்று காத்திருப்பீர்கள். சொல்கிறேன். தூதுவளை ரசம், தூதுவளைத் துவையல், மிளகு சேர்த்த பூண்டு ரசம் இவை சளியை இளக்கி வெளியேற்ற உதவும். தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் இதம் தரும். பெரியவர்கள் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கொதிநீர் ஆபத்து, வேண்டாம். ஆடாதொடை, திப்பிலி, கண்டங்கத்திரி மருந்துகளை வைத்தியரைக் கேட்டு, அளவோடு சாப்பிட வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நுரையீரலின் அடியில் படிந்த கரியைத் துடைத்து எடுக்கும் மூலிகை எதுவும் கிடையாது. ‘இதைக் குடித்தால் நுரையீரல் பளிச்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் என் பேச்சையோ வேறு யார் பேச்சையோ கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். மூச்சிழுப்பு திடீரென்று கூடி, பேசவே முடியாமல் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விதி போடுவது அரசாங்கத்தின் வேலை. அதன்படி வண்டி செய்வது கம்பெனியின் வேலை. மீறினால் தட்டிக்கேட்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த வண்டியில் வைத்த வடிகட்டியைக் கழட்டாமல் வைத்திருப்பது மட்டும் நம் வேலை. நாலில் சுலபமானது இதுதான். இதையும் செய்யாமல் விட்டால், அடுத்த பச்சை விளக்குக்காக நம் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் காத்திருக்கும் குழந்தைக்கு எந்தச் சர்டிபிகேட்டைக் காட்டுவது?